வக்கீல் இல்லாமல் நிற்பவருக்கு நீதிமன்றத்தின் எல்லை எது?

இந்தியாவின் எந்த ஊர் சிவில் கோர்ட்டிலும், எதிர்வழக்குரை (வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில்) போட வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்ற பேச்சு வந்தால் வக்கீல்கள் ‘சேலம் பார் கேஸ்’ என்று ஒரு தீர்ப்பைக் கையில் எடுப்பார்கள். அது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் இந்திய அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கு. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் 1999லும் 2002லும் செய்த திருத்தங்கள் செல்லுமா என்பதுதான் கேள்வி. 2002 அக்டோபரில் திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறைச் சிக்கல்களை ஆராய நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. பிறகு 2005 ஆகஸ்டில் வந்த விரிவான தீர்ப்புதான் இன்றைக்கும் நாடு முழுக்கப் பேசப்படுவது.

வழக்குப் போட்டவர்கள் வக்கீல்கள். ஆனால் வக்கீல் வைக்க முடியாமல், தானே கோர்ட்டில் போய் நிற்கும் ஆளுக்கு அந்தத் தீர்ப்பு செய்திருக்கும் உதவி பெரிது. சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்வழக்குரை போட வேண்டும், காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டலாம் என்பது சட்டம். 90 நாள் தாண்டினால் கதவு அடியோடு மூடிவிடுமா என்ற கேள்விக்கு, மூடாது, மிகவும் கடினமான விதிவிலக்கான நிலைமைகளில் நீதிபதி அதற்கு மேலும் அனுமதிக்கலாம் என்று 2005 தீர்ப்பு பதில் சொன்னது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்ற விதியையும் அப்படியே தளர்த்தியது. திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், விபத்தில் சிக்கியவர் போல, கைமீறிய காரணம் இருப்பவருக்கு நான்காவது வாய்தா தர நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தளர்வு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வரும் வழக்கில் 120 நாள் முடிந்தால் முடிந்ததுதான். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு 30 நாளிலும், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாளிலும் பதில் போட்டாக வேண்டும், அதற்கு மேல் தர ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று 2020இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நாள் கணக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் ஒரு மன்றத்தில் அது வளையும், இன்னொன்றில் வளையாது. எந்த மன்றத்தில் நிற்கிறோம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

நான் இங்கே விளக்க முயல்வதும் இந்த வேறுபாட்டைத்தான். நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லைகள் உண்டு. அவற்றில் சில, நீங்கள் உரிய நேரத்தில் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் இல்லாமல் போய்விடும். சில எல்லைகள் நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அப்படியே நிற்கும். வக்கீல் இருப்பவருக்கு இதைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. தனியாக நிற்பவர் தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நிற்கும் உரிமை

அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துக்குள் வரும் பலருக்கு முதல் சந்தேகமே ‘வக்கீல் இல்லாமல் உள்ளே விடுவார்களா’ என்பதுதான். விடுவார்கள். வாதியோ பிரதிவாதியோ தானே வந்து நிற்கலாம் என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் மூன்றாவது கட்டளை முதல் விதியிலேயே சொல்கிறது. அதற்கு யாருடைய தயவும் தேவையில்லை. அதுவே உங்களுக்காகப் பக்கத்து வீட்டுப் படித்த பையனோ மாமாவோ பேச வேண்டும் என்றால் கதை வேறு. வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 32ஆவது பிரிவுப்படி அந்தக் குறிப்பிட்ட வழக்குக்கு நீதிபதி அனுமதி தந்தால்தான் வக்கீல் அல்லாதவர் பேசலாம். 1978இல் ஹரிசங்கர் ரஸ்தோகி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக்கினார். தனக்காகத் தான் பேசுவது உரிமை. அடுத்தவருக்காகப் பேசுவது நீதிமன்றம் தரும் அனுமதி.

பவர் ஏஜென்ட் விஷயத்தில் நம் பக்கத்தில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருப்பவர் அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, ‘எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வார்’ என்று இருந்துவிடுவார். அண்ணன் வழக்கைத் தாக்கல் செய்யலாம், கையெழுத்துப் போடலாம். ஆனால் தம்பிக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்தைத் தம்பிக்குப் பதிலாகக் கூண்டில் ஏறி அண்ணன் சொல்ல முடியாது. ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். கடைசியில் சாட்சியமே இல்லாத வழக்காகிவிடுகிறது.

வழக்கு நடுவில் வக்கீலை விட்டுவிட்டுத் தானே நடத்த முடிவு செய்பவர்களும் உண்டு. வக்காலத்து (வக்கீலுக்கு நீங்கள் எழுதித் தந்த அதிகாரம்) இருக்கும் வரை நீதிமன்றம் பொதுவாக வக்கீலிடம்தான் பேசும். எனவே வக்காலத்தை முடித்துக்கொள்ள எழுத்தில் மனுப் போட்டு நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். ஃபீஸ் பாக்கி இருப்பதால் வழக்குக் கட்டைத் தர மாட்டேன் என்று வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. 2000ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது. பாக்கியைத் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்சிக்காரரின் கட்டு கட்சிக்காரருடையது. நீதிமன்றப் புறக்கணிப்பு நாட்களும் அப்படித்தான். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று 2002 டிசம்பரில் ஹரிஷ் உப்பல் வழக்கில் சொல்லியாகிவிட்டது. தானே வழக்கு நடத்துபவர் அன்றைக்கும் போய் நின்று தன் வழக்கைச் சொல்லலாம்.

மொழி இன்னொரு பயம். தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் பொது நிலை. ஆங்கிலத்தை அனுமதிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால் நடைமுறை அறைக்கு அறை வேறுபடும். ஆனால் பிராதையோ எதிர்வழக்குரையையோ தமிழில் எழுதிக் கொடுத்ததற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. உயர் நீதிமன்றத்துக்கு அரசியல் சாசனத்தின் 348ஆவது உறுப்புப்படி மொழி ஆங்கிலம்தான். சேலத்துக்காரருக்கு அது மதுரை அல்ல, சென்னை.

குற்ற வழக்கு என்றால் தனியாக நிற்பதை நீதிமன்றமே சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவரிடம் இலவச வக்கீல் கிடைக்கும் என்று மாஜிஸ்திரேட் தானாகவே சொல்ல வேண்டும். சொல்லாமலே விசாரித்துத் தண்டித்த ஒரு வழக்கில், 1986இல் சுக் தாஸ் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது. அந்த ஆள் கேட்கவில்லையே என்ற பதிலை நீதிபதிகள் ஏற்கவில்லை. தனக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

பேசாவிட்டால் போய்விடும் எல்லை, பேசாவிட்டாலும் நிற்கும் எல்லை

நீதிமன்ற அதிகாரத்தை மூன்று விதமாகப் பார்ப்பது வழக்கம். இடம், மதிப்பு, பொருள். ஓமலூரில் இருக்கும் நிலத்துக்கு எந்த ஊர்க் கோர்ட் என்பது இடம். எத்தனை ரூபாய் வழக்கு முன்சிஃப் கோர்ட்டுக்கு, எத்தனை சப் கோர்ட்டுக்கு என்பது மதிப்பு. இந்த வகை வழக்கையே இந்த நீதிமன்றம் தொடலாமா என்பது பொருள்.

முதல் இரண்டும் பேசாவிட்டால் போய்விடும். விசாரணை முறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதில் கறாரானது. முதல் நீதிமன்றத்திலேயே, முதல் வாய்ப்பிலேயே, எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையப்படும் நேரத்துக்குள் ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும்கூட, தவறான கோர்ட்டில் நடந்ததால் நீதி கெட்டது என்று காட்டினால்தான் மேல்முறையீட்டில் எடுபடும். அம்மாபேட்டை விசைத்தறிக்காரர் ஒருவர்மேல் சூரத் நூல் வியாபாரி சூரத்திலேயே பண வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்தக் கோர்ட்டுக்கு இதில் அதிகாரம் இல்லை’ என்பதை எதிர்வழக்குரையில் எழுதாமல், வழக்கைப் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தோற்ற பிறகு அந்த வாதத்தை எடுத்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் போவது என்ற நடுவர் மன்றப் பிரிவு ஒப்பந்தத்தில் இருப்பதும் இதே வகைதான். வழக்கின் பொருளைப் பற்றி முதல் பதில் போடுவதற்கு முன்னாலோ, போடும்போதோ கேட்டுவிட வேண்டும்.

பொருள் சார்ந்த எல்லை அப்படியல்ல. அதிகாரமே இல்லாத நீதிமன்றம் தந்த தீர்ப்பாணை (டிகிரி) வெற்றுத்தாள்தான், அதை எங்கே எப்போது அமலாக்க வந்தாலும், நிறைவேற்று மனுக் கட்டத்தில்கூட, எதிர்க்கலாம் என்று 1954இல் கிரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம். அந்த வழக்கின் முடிவை அவர்கள் படிப்பதில்லை. கிரண் சிங் தோற்றுப்போனார். அவர் குறை சொன்னது மதிப்பு பற்றி. தானே குறைத்துக் காட்டிய மதிப்பைக் காரணம் காட்டித் தீர்ப்பைக் கவிழ்க்க முடியாது என்றுதான் முடிந்தது. ஆகவே உங்கள் ஆட்சேபம் எந்த வகை என்று முதலில் தெளிவாகப் பிரிக்க வேண்டும்.

பொருள் சார்ந்த எல்லைக்கு நம் ஊரில் அடிக்கடி வரும் உதாரணம் வங்கிக் கடன். வீட்டை ஜப்தி செய்ய, கடன் பாக்கிக்கு வங்கியே நேரடியாகச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி நோட்டீஸ் ஒட்டியதும் மக்கள் முன்சிஃப் கோர்ட்டுக்கு ஓடி உறுத்துக் கட்டளை (தடை உத்தரவு) கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சிவில் நீதிமன்றத்தைத் தடுக்கிறது. வங்கியின் செயலில் மோசடி இருக்கிறது என்பது போன்ற குறுகிய விதிவிலக்கு மட்டும் 2004 மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பில் விடப்பட்டிருக்கிறது. போக வேண்டிய இடம் கடன் மீட்புத் தீர்ப்பாயம். வங்கி சுவாதீன நடவடிக்கை எடுத்ததிலிருந்து 45 நாளுக்குள் போக வேண்டும். தவறான கோர்ட்டில் பரிதாபமான முகத்தோடு நிற்கும்போது அந்த 45 நாள் கரைந்துகொண்டிருக்கும். நீதிபதி எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும், இல்லாத அதிகாரத்தை இரக்கத்தால் உண்டாக்க முடியாது.

சங்ககிரிப் பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு இன்னொன்று. ஃபைனான்ஸ் கம்பெனி தானே ஒரு நடுவரை நியமித்து, சென்னையிலிருந்து நோட்டீஸ் அனுப்பி, ஆள் வராததால் ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கிவிடும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள தரப்பே தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்பு சொல்கிறது. வலுவான வாதம்தான். ஆனால் அதைச் சொல்ல நடுவர் சட்டத்தின் 34ஆவது பிரிவில் மூன்று மாதமும், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு 30 நாளும்தான். அதற்குப் பிறகு தாமதத்தை மன்னிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது. நோட்டீஸைப் பிரிக்காமல் பரண்மேல் போட்டு வைத்திருந்தவர்கள் வண்டியை இழக்கிறார்கள்.

கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாமா

எதிர்த்தரப்புக்குத் தகவல் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். இயற்கை நீதி என்று சொல்வதன் உள்ளடக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான். 1978இல் மேனகா காந்தி வழக்குக்குப் பிறகு, சட்டத்தில் எழுதியிருக்கும் முறை என்பதற்காக மட்டும் எதையும் ஏற்க முடியாது, அந்த முறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பது நிலைபெற்றது. அதற்கு முன்னால், 1950இல் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசை எதிர்த்து நடத்திய வழக்கில், உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. சட்டப்படி ஒரு முறை இருந்தால் போதும் என்றது. அந்தத் தீர்ப்பு வருவதற்குச் சில மாதம் முன்னால்தான், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தார்கள். அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. நியாயமான முறை என்பது சட்டப் புத்தகத்துக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல என்று நம் ஊருக்கு அன்றைக்கே தெரியும்.

சிவில் வழக்கில் இந்த உரிமை உடைவது பெரும்பாலும் எக்ஸ்பார்ட்டியில்தான். சம்மன் போகவில்லை, அல்லது போயும் ஆள் வரவில்லை, ஒருதலைத் தீர்ப்பு. இதில் மூன்று விஷயம் தெரிந்திருந்தால் பல வீடுகள் தப்பிக்கும்.

எக்ஸ்பார்ட்டி என்று ஒரு நாள் அறிவித்துவிட்டதாலேயே நீங்கள் வழக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுவிடவில்லை. 1955 சங்ராம் சிங் தீர்ப்பின்படி, அடுத்த விசாரணைக்கு வந்து அந்தக் கட்டத்திலிருந்து கலந்துகொள்ளலாம். நடந்து முடிந்ததைத் திருப்ப வேண்டும் என்றால்தான் தகுந்த காரணம் காட்டி மனுப் போட வேண்டும். ‘எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, இனி போய் என்ன’ என்று வீட்டில் உட்காருவதுதான் உண்மையான நஷ்டம்.

அப்புறம், பிரதிவாதி வரவில்லை என்பதற்காகக் கேட்டதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு உரிமையில்லை. எதிர்வழக்குரை இல்லாவிட்டாலும் வாதி தன் வழக்கை நிரூபித்திருக்கிறாரா என்று பார்த்துக் காரணம் எழுத வேண்டும் என்று 1999இல் பல்ராஜ் தனேஜா வழக்கில் சொல்லப்பட்டது. இரண்டு வரியில் ‘வழக்கு நிரூபிக்கப்பட்டது’ என்று முடியும் ஒருதலைத் தீர்ப்பு பலவீனமானது.

நாள் கணக்கும் முக்கியம். ஒருதலைத் தீர்ப்பாணையை நீக்க 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகியிருந்தால் (உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டிருந்தால்) தீர்ப்பாணைத் தேதியிலிருந்து, ஆகாவிட்டால் உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துச் செய்யும் மாற்றுச் சார்வை இந்தக் கணக்குக்கு முறையான சார்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கால வரையறைச் சட்டத்தின் 123ஆவது இனத்திலேயே விளக்கம் இருக்கிறது. நாகலூரிலோ செம்மநத்தத்திலோ காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர், சேலத்துப் பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்த கட்டத்தைப் பார்த்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கோர்ட் அமீனா நிலத்தை அளக்க வந்த அன்றுதான் விஷயமே தெரிகிறது என்றால், அந்த நாளை எழுதி வைத்து, அதிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அதே சமயம், விசாரணைத் தேதி உங்களுக்கு முன்பே தெரியும், வரப் போதிய நேரமும் இருந்தது என்றால், சம்மனில் இருந்த சின்னக் குறையைக் காட்டித் தப்ப முடியாது.

உதவ நினைத்தாலும் முடியாதது

தனியாக நிற்பவர்கள் நீதிபதியிடம் எதிர்பார்ப்பது பல நேரம் தீர்ப்பை அல்ல, வழிகாட்டலை. நீதிபதி கேள்வி கேட்டு உண்மையை வெளியே கொண்டுவரலாம், சாட்சிச் சட்டம் அந்த அதிகாரத்தை விரிவாகவே தருகிறது. இலவச சட்ட உதவி இருக்கிறது என்று சொல்லலாம். அதற்கு மேல் போய் உங்கள் வக்கீலாக மாற முடியாது. குறிப்பாக, நீங்கள் கேட்காத பரிகாரத்தையோ, பிராதில் எழுதாத கதையையோ வைத்துத் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. 2008இல் பச்சாஜ் நாஹர் வழக்கின் முழுச் சாரமும் இதுதான். பாதை உரிமை வேண்டுமென்றால் பாதை உரிமை என்று எழுத வேண்டும், நிலம் என்னுடையது என்று மட்டும் எழுதிவிட்டு, கூண்டில் ஏறிப் பாதையைப் பற்றி அழுதால் பயனில்லை. இந்த எல்லை உங்களையும் காக்கிறது என்பதை மறக்க வேண்டாம். எதிர்த்தரப்பு எழுதாததை வைத்து உங்கள் மேலும் தீர்ப்பு வர முடியாது.

ஆபீஸில் காகிதம் திரும்புவது வேறு விஷயம். கோர்ட் கட்டணம் குறைவு, பக்கம் விட்டுப்போயிற்று என்று குறைகளைச் சுட்டி ஊழியர்கள் பிராதைத் திருப்பலாம், சரிசெய்து மறுபடி கொடுக்கலாம். வழக்கே நிற்காது என்று தள்ளுவது நீதிபதி மட்டும் செய்யக்கூடியது. அப்படித் தள்ளினால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு உண்டு. ஆகவே ஜன்னலில் யாரோ வாயால் ‘இதெல்லாம் எடுக்க மாட்டாங்க’ என்று சொன்னால் திரும்பி வந்துவிடாமல், காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

‘உங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னால் அவமதிப்பு ஆகிவிடுமோ என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. மரியாதையான சொற்களில், எழுத்தில், காரணத்தோடு எழுப்பும் அதிகார வரம்பு ஆட்சேபம் சட்டமே தந்திருக்கும் உரிமை. அவமதிப்புச் சட்டம் 1971இன்கீழ் தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உரியது. கீழ் நீதிமன்றம் உயர் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பத்தான் முடியும். நீதிமன்றத்துக்குள்ளேயே வேண்டுமென்று இழிவுபடுத்தினால் மட்டும் தனியாகக் குற்றச் சட்டத்தில் வழி உண்டு. அடிக்கடி வழக்குப் போடுபவரைத் தடுத்து நிறுத்துவதும் அப்படித்தான். 1949ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று இருக்கிறது. அட்வகேட் ஜெனரல் மனுப் போட்டு, அந்த நபரையும் கேட்ட பிறகு உயர் நீதிமன்றம்தான் அப்படி உத்தரவிட முடியும்.

வாட்ஸ்அப்பில் வேறொரு சரக்கும் சுற்றுகிறது. ‘நான் இயற்கை மனிதன், இந்த நீதிமன்றம் ஒரு கம்பெனி, என்மேல் இதற்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டால் வழக்கு நிற்காது’ என்கிற மாதிரி. அமெரிக்காவில் சிலர் கிளப்பிவிட்ட வாதம் அது, அங்கேயே நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. இங்கே சிவில் தன்மையுள்ள எல்லா வழக்கையும், சட்டம் தடுக்காத வரை, சிவில் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று விசாரணை முறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. இந்த வீடியோக்களை நம்பி எதிர்வழக்குரை போடாமல் விட்டவர் இழப்பது, மேலே சொன்ன அந்த 90 நாளை.

நீதிமன்றம் போலத் தெரியும் இடங்கள்

லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்ற மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் அல்ல. இரு தரப்பும் சம்மதித்தால் அதைப் பதிவு செய்வதுதான் அவர்கள் வேலை. சமரசம் இல்லாமல் அவர்களாக ஒரு தொகையை நிர்ணயித்தால் அது அவார்டே ஆகாது என்று 2008 ஜலோர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டும்தான், அதுவும் மிகக் குறுகிய வழி. பேனாவை எடுக்கும் முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் யோசித்து வருகிறேன் என்றாலும் யாரும் தடுக்க முடியாது.

போலீஸ் ஸ்டேஷனில் நில எல்லையையும் கொடுக்கல் வாங்கலையும் பேசித் தீர்க்கச் சொல்வது சட்டத்தில் இல்லாத அதிகாரம். தாசில்தார் பட்டாவை மாற்றலாம், ஆனால் சொத்து யாருடையது என்பதைத் தீர்மானிப்பது சிவில் கோர்ட். சேலம் சென்னை எட்டு வழிச்சாலை வழக்கு இந்த வகையில் நம் மாவட்டத்து விவசாயிகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கையகப்படுத்தும் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிப்புகள் செல்லும் என்று அதைத் திருப்பிவிட்டது. ஆனால் முதல் அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு, பழையபடி விவசாயிகள் பெயரையே போட வேண்டும் என்பதில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. திட்டம் போட அரசுக்கு அதிகாரம் இருக்கலாம். அந்தப் படிக்கு வரும் முன்பே பத்திரத்தைத் தொட அதிகாரம் இல்லை.

சேர்வராயன் மலையில் வன உரிமைச் சட்டம் 2006 தனி அமைப்பு. கோரிக்கை கிராம சபையில் தொடங்கும். அதன் தீர்மானம் பிடிக்காதவர் 60 நாளுக்குள் கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கும் போகலாம். பாதிக்கப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் அவருக்கு எதிராக மனுவை முடிக்கக் கூடாது என்று சட்டமே எழுதியிருக்கிறது. கோரிக்கை சரிபார்த்து முடியும் வரை வெளியேற்றவும் கூடாது. ‘உன் மனு தள்ளுபடி’ என்று வனத்துறை கார்டு, வாட்சர் யாராவது வாயால் சொன்னால் அது உத்தரவு ஆகாது. மாவட்டக் குழுவின் முடிவு இறுதியானது என்பதால், அதற்கு முந்தைய படிகளிலேயே எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைப்பது அவசியம்.

மலையில் இருப்பவர்கள் தனியாக நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மலையாளி சமூகம் சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆவது பிரிவின்படி பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு, அல்லது 15100 எண்ணுக்கு ஒரு அழைப்பு. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து வக்கீலுக்குக் கடன் வாங்கிக் கொடுப்பவர்களில் பலர், இந்த உரிமை தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்கள்.

சில இடங்களில் சட்டமே வக்கீல் இல்லாமல் வருவதை விரும்புகிறது. குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல, நீதிமன்ற அனுமதியோடுதான். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ புகார்க் கட்டணமே இல்லை, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் டெல்லிக் கம்பெனிமேல் புகார் கொடுக்க டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

அதிகாரத்தின் எல்லையைக் கேட்டு நிற்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1882 சேலம் கலவரத்தில் தூண்டிவிட்டார் என்று சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்த்துப் போராடிக் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். அதோடு விடவில்லை. நகரசபை உறுப்பினர் பதவியிலிருந்து தன்னை நீக்கியது செல்லாது என்று அரசின்மேலேயே வழக்குப் போட்டு, வென்று, நூறு ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். பின்னாளில், 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். ஆட்சியாளர் கையெழுத்திட்ட உத்தரவாக இருந்தாலும் அது சட்டத்துக்கு உட்பட்டதா என்று நீதிமன்றத்தில் கேட்கலாம் என்பதைச் சேலத்துக்காரர் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்திலேயே காட்டியிருக்கிறார்.

தோற்றால் என்ன செய்வது என்பது மிச்சம். தீர்ப்பு வந்த உடனேயே, முடிந்தால் மறுநாளே, தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் நகல் மனுப் போடுங்கள். மாவட்டத்துக்குள் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் தயாராக ஆன நாட்களை இந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம், ஆனால் நகல் மனுவே போடாதவருக்குக் கழிக்க எதுவும் இருக்காது. தாமதமாகிவிட்டால் கால வரையறைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவில் மன்னிப்பு மனுப் போடலாம், ஒவ்வொரு கட்டத் தாமதத்துக்கும் காரணம் எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் சேர்த்து. நடுவில் வந்த உத்தரவுகளுக்கு மேல்முறையீடு இல்லாவிட்டால் அரசியல் சாசனத்தின் 227ஆவது உறுப்பில் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சிவில் நீதிமன்ற உத்தரவுக்கு எதிராக 226இல் ரிட் போட முடியாது என்று 2015இல் ராதே ஷியாம் வழக்கில் முடிவாகிவிட்டது. மனுவின் தலைப்பில் எந்த உறுப்பு என்று எழுதுகிறோம் என்பதை அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.